பெட் ஸ்கேனுக்குள் இருக்கும் எதிர்த்துணிக்கை



மஹரகமைக்கு பெட் ஸ்கேன் எடுக்கப் போகும் ஒருவர் ஜும்ஆ முடிந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "சேர், உடம்புக்குள்ள கதிர் மருந்து ஏத்துவாங்களாம். பயமில்லையா?" பள்ளி வாசலில் நின்றுகொண்டு ஒழுங்காக விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

"பெட்" என்பதன் முதல் எழுத்து பொசித்திரனைக் குறிக்கும். இது இலத்திரனின் எதிர்த்துணிக்கை. திணிவு ஒன்றே, ஏற்றம் மட்டும் நேர். 1928இல் டிராக் எழுதிய சமன்பாட்டிலிருந்துதான் இப்படி ஒன்று இருக்கலாம் என்ற எண்ணமே வந்தது. 1932 ஆகஸ்ட் 2ஆம் திகதி அமெரிக்காவில் கார்ல் அண்டர்சன் முகில் அறையில் எடுத்த படத்தில் ஒரு தடம் இலத்திரன் வளையும் பக்கத்துக்கு எதிராக வளைந்திருந்தது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களால் உண்டான துணிக்கை அது. அப்படியானால் வானத்தில் மட்டுமா? இல்லை. நாம் சாப்பிடும் வாழைப்பழத்தின் பொற்றாசியத்திலிருந்தும் எப்போதாவது ஒன்று வெளிவரும்.

மருத்துவத்துக்கு வழி திறந்தது 1934இல். ஐரீன் கியூரியும் கணவர் ஜோலியோவும் அலுமினியத்தின் மீது அல்பாக் கதிர்களைப் பாய்ச்சி, பொசித்திரன் விடும் பொசுபரசைச் செயற்கையாக உருவாக்கினார்கள். (அந்த ஐரீன் 1956இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.)

இன்று பயன்படுவது புளோரீன் 18. அதைக் குளுக்கோசு போன்ற பொருளோடு சேர்த்து ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய்க் கலங்கள் பொதுவாகச் சீனிக்கு அலைபவை, அங்கே அது கூடுதலாகச் சேரும். வெளிவரும் பொசித்திரன் பக்கத்து இலத்திரனைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். வளையம் போன்ற இயந்திரம் அவற்றைப் பிடித்து இடத்தைக் காட்டும்.

மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்கு இந்த இயந்திரம் வாங்க 2016இல் கதீஜா பவுண்டேஷன் 20 கோடி ரூபாய் திரட்டியது பலருக்கு ஞாபகமிருக்கும். மகனின் புற்றுநோயை நேரில் கண்ட ஒரு தந்தை தொடங்கிய வேலை. இனம், மதம் பார்க்காமல் சனங்கள் கொடுத்தார்கள்.

பயத்துக்கு வருகிறேன். அந்த மருந்து 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். மறுநாள் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. அன்றைக்கு மட்டும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்காமல் இருக்கச் சொல்வார்கள். அதே காரணத்தால்தான் மருந்து நம்மிடம் வராது. ஆறு மணித்தியாலம் பஸ்ஸில் கொண்டுவந்தால் ஹாலிஎலையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே நோயாளிதான் இரவு பஸ் ஏற வேண்டும்.

அவருக்காக துஆச் செய்யுங்கள்.