நடுவருக்கு எந்த நிறச் சட்டை?

ஹாக்கியில் ஆளுக்குப் பாதி மைதானம் என்று இரண்டு நடுவர்கள். இருவர் சட்டையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆனால் இரு அணிகளின் நிறத்தோடும் சேரக் கூடாது. 2025ல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் 24 அணிகள். ஒரே ஒரு சட்டையோடு வந்தால் எப்படிச் சமாளிப்பது?

துணி விஷயம் திருப்பூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் தரும். ஊரை வளர்த்த பருத்திப் பனியன் துணி வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். பாலியஸ்டர் பின்னல் அப்படியல்ல, சீக்கிரம் காயும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. ஆட்டத்தின் வேகம் கூடியது, நடுவரின் ஓட்டமும் கூடியது. (அதில் இந்தியாவுக்கு 7வது இடம், அது தனிக் கதை!) இன்று திருப்பூரும் பாலியஸ்டர் விளையாட்டு உடை தைக்கிறது.

விசிலை மாற்றியவர் ஒரு கூடைப்பந்து நடுவர், கனடாவின் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட். உள்ளே உருளும் குண்டு சிக்கினால் பழைய விசில் ஊமையாகிவிடும். குண்டே இல்லாத அவருடைய ஃபாக்ஸ் 40 விசில் 1987ல் வந்தது.

அட்டைகளில் பச்சை முக்கோணம், மஞ்சள் சதுரம், சிவப்பு வட்டம். பார்க்காமலே தடவி எடுத்துவிடலாம். அதற்குப் பை வேண்டுமே! தைப்பவர்கள் அதை மறந்தால் மற்றதெல்லாம் வீண்.