மனித உறுப்பு அட்லஸ்

மனித உறுப்பு அட்லஸ் என்பது, உடல் தானம் மூலம் கிடைத்த மனித உறுப்புகளின் நுண்ணிய முப்பரிமாணப் படங்களை எவரும் கட்டணமின்றிக் காண உதவும் இணையத் தொகுப்பு. பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு மையமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் பிரெஞ்சு, ஜெர்மானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதை உருவாக்கின. 2021 நவம்பரில் வெளியானது.

படமெடுக்கும் முறை

இத்தொகுப்பின் அடிப்படை 'ஹிப்-சிடி' என்னும் ஊடுகதிர் (எக்ஸ்ரே) முறை. வழக்கமான எக்ஸ்ரே, கதிரைத் திசு எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதையே காட்டும். மென்திசுக்கள் ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுவதால் அவற்றின் வேறுபாடு மங்கிவிடும். ஹிப்-சிடி, திசுவைக் கடக்கையில் கதிரலையின் கட்டத்தில் நேரும் சிறு மாற்றத்தைப் பயன்படுத்துகிறது. ஆகவே சாயமேற்றாமலே திசுக்களின் எல்லைகள் துலங்குகின்றன. இதற்கு வேண்டிய மிகுஒளிர்வுக் கதிரை, மேம்படுத்தப்பட்டு 2020இல் மீண்டும் இயங்கத் தொடங்கிய, 844 மீட்டர் சுற்றளவுள்ள கிரெனோபிள் மையத்தின் சிங்க்ரோட்ரான் வளையம் தருகிறது.

உறுப்பை ஃபார்மலினில் பதப்படுத்தி, எத்தனாலுக்கு மாற்றி, அகர் கூழில் அசையாமல் நிறுத்துவர். முதலில் முழு உறுப்பும் சுமார் 20 மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் படமாகும். பிறகு, உறுப்பை வெட்டாமலே, தேர்ந்த பகுதிகள் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் வரை நெருங்கிப் பதிவாகும். மருத்துவமனை சிடி ஸ்கேனின் நுணுக்கம் மில்லிமீட்டரை ஒட்டியது.

கற்பித்தலில் பயன்

உடற்கூறியல் வகுப்பில் முழுச் சிறுநீரகத்தையும், திசுவியல் வகுப்பில் அதன் மெல்லிய சீவலையும் மாணவர் தனித்தனியே கற்கின்றனர். இரண்டையும் மனத்தில் பொருத்துவதே அவர்களுக்குக் கடினம். அட்லஸில் முழுச் சிறுநீரகத்திலிருந்து தொடங்கி, இரத்தக் குழாய்களின் கிளைகளைத் தொடர்ந்து, குருதியை வடிகட்டும் கிளோமெருலஸ் வரை ஒரே படத்தில் செல்லலாம். நோயுற்ற உறுப்புகளும் உள்ளன: கோவிட்-19 தாக்கிய நுரையீரலில், வளிமாற்றத்துக்கான இரத்தக் குழாய்களும் நுரையீரல் திசுவையே பேணும் குழாய்களும் இயல்புக்கு மாறாக இணைந்திருப்பதை இம்முறை காட்டியது.

வரம்புகள்

ஒரு உறுப்பின் முழுத் தரவு டெராபைட் அளவை எட்டக்கூடும் என்பதால், பாடத்துக்குக் குறைந்த நுணுக்கப் படிகளே ஏற்றவை. படங்கள் கருப்பு வெள்ளையில் அமைந்தவை. இறந்தவரின் உறுப்புகள் என்பதால் துடிப்பையோ குருதியோட்டத்தையோ காட்டா. திசுவின் உறுதியைக் கை உணரும் பயிற்சியும் திரையில் கிட்டாது. எனவே சடலத்தை அறுத்துக் கற்பதற்கு இது மாற்று அன்று. ஆனால் உறுப்பின் முழுவடிவையும் நுண்ணமைப்பையும் ஒருசேரக் கற்பிப்பதில், தனித்தனி நுண்ணோக்கிச் சீவல்களைவிட இது தெளிவான துணை.