பரிசல் கரை சேரும் துறை

முன்பக்கமும் பின்பக்கமும் இல்லாத, மூங்கில் பிளாச்சுகளால் முடைந்து மாட்டுத்தோல் போர்த்த வட்டக் கூடையொன்றைப் பாறைகளினூடே நுரைத்துப் பாயும் காவிரியில் விட்டு, நினைத்த துறையிலே அதைக் கரை சேர்ப்பது ஒகேனக்கல் பரிசலோட்டிகளின் பரம்பரை வித்தை. விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியரான டொமிங்கோ பயஸ் 16-ஆம் நூற்றாண்டிலே இத்தகைய தோல் படகுகளைக் கண்டு எழுதினார். அவருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே யூப்ரடீஸ் நதியில் ஓடிய வட்டப் படகுகளைப் பற்றி ஹெரோடோட்டஸ் வியந்து எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் சம்பந்தமுண்டா என்று வாதிப்பதில் எனக்கு ருசியில்லை. மரப்படகு மோதிப் பிளக்கும் பாறையாற்றிலே வளைந்து கொடுக்கும் கூடை பிழைக்கும் என்பதை ஆற்றோரத்து மனிதன் எவனும் தானே கண்டுகொள்வான்.

எதிர்த்துறையை அடைய வேண்டுமானால் அதற்கு நேர் எதிரே புறப்படலாகாது என்பதே இத்தொழிலின் முதல் பாடம். கரையோரத்து இழுப்புக் குறைந்த நீரிலே பரிசலை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டோ, தலையிலே கவிழ்த்துச் சுமந்துகொண்டோ வெகுதூரம் போய் இறக்கி, ஆறு கீழே இழுக்க இழுக்கத் தாம் குறுக்கே வலித்து, இரண்டு வேகமும் கூடுமிடம் துறையாகவே அமையும்படி கணக்கிடுவார்கள். துடுப்பை முன்னே எட்டிப் போட்டுத் தம்மை நோக்கி இழுப்பார்களேயன்றி ஒரு பக்கமாக மட்டும் தள்ளமாட்டார்கள். தள்ளினால் பரிசல் பம்பரமாகச் சுழலும். கரை நெருங்குகையில், பாறையொன்றின் கீழ்ப்புறத்தே நீர் மெல்ல மேல்நோக்கித் திரும்பும் ஒதுக்கிலே விளிம்பை நுழைத்துவிட்டால், அதுவரை இழுத்துக்கொண்டிருந்த ஆறே பரிசலைக் கரையோடு சேர்த்துவிடும். அருவிக்கு மேலேயுள்ள துறையில் அந்த ஒதுக்கைத் தவறவிடுவது எத்தகைய அபாயம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இறங்கியவுடன் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைப்பார்கள். ஊறிக் கிடக்கும் தோல் அழுகிப்போகும். இப்போது தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் தாளும் தாரும் பிடித்துக்கொண்டன.

எதிர்க்கரையின் ஆட்சியோ பலமுறை கைமாறியிருக்கிறது. 1792-இல் கிழக்குக் கரையின் பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் வசமானபோது, மேற்கேயிருந்த கோயம்புத்தூர்ச் சீமை 1799 வரை திப்பு சுல்தானிடமே இருந்தது. பின்னர் இரு கரைகளும் சென்னை மாகாணத்துக்குள் அடங்கி, 1890-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பொதுப் பரிசல் துறைகள் சர்க்கார் ஒழுங்கின்கீழ் வந்தன. 1956 நவம்பரில் எதிர்க்கரையின் கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்ததும், அதுவரை ஒரே ராஜ்யத்துக்குள் கரை மாறிய பரிசல், எல்லை கடக்கும் வாகனமாயிற்று.

ஆனால் பரிசலோட்டியின் தொழிலை ராஜ்யங்களைவிட அதிகமாக மாற்றியது 1934-இல் முடிந்த மேட்டூர் அணை என்பேன். ஒகேனக்கலுக்குக் கீழே, நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் இடையே ஓடிய ஆறு ஏரியாக விரிந்தது; பழைய ஊர்கள் மூழ்கின; நீர் வற்றும் காலத்தில் பண்ணவாடியின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் இன்றும் வெளிப்படுகின்றன. இழுப்பு அடங்கிய அந்தப் பரப்பிலே ஆனி ஆடிக் காற்றே எதிரியாயிற்று. நீரிலே ஆழ ஊன்றாத வட்டப் பரிசலுக்கு உயர்ந்த விளிம்பே பாயாகிவிடும். ஆகவே ஆற்றில் மேலேறிப் புறப்பட்டவன், இங்கே காற்று வரும் பக்கமாகக் கரையோரமே போய், பிறகு அதன் போக்கிலே சாய்ந்து இறங்க வேண்டும். அலை மோதும் கரையை நெருங்கும்போதோ முன்னே இழுத்த துடுப்பை எதிர்ப்பக்கம் போட்டு வேகத்தை அடக்க வேண்டும். துறையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அணை 120 அடி நிரம்பியபோது பிரயாணிகள் ஏறிய இடம் கோடையில் வண்டல் வெளியாகிவிட, மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் நீரைத் தேடி வெகுதூரம் கீழே நடக்க நேர்கிறது.