பல்வரிசையும் ஹார்மோனும்

முறை தவறி முளைத்த பற்களை வரிசைக்குக் கொணரும் சிகிச்சையை நம் மக்கள் 'பல்லுக்குக் கம்பி கட்டுதல்' என்பர். இச்சிகிச்சைக்கு இரு குறைகள் உண்டு. ஒன்று காலதாமதம், பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை செல்லும். மற்றொன்று நிலையின்மை, கம்பியை அகற்றியபின் பற்கள் பழைய இடத்தை நாடித் திரும்ப முற்படும்.

கேரளத்தின் எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்குக் காலதாமதம் வெறும் பொறுமைச் சோதனையன்று. மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்கும், மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியே தேனிக்கும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ மாதந்தோறும் குழந்தையை அழைத்துச் செல்லும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலி இழப்பாகும். மருந்தொன்றைச் செலுத்தி இக்காலத்தைக் குறைக்க இயலுமா என்னும் வினா, ஆய்வாளருக்கு மட்டுமன்றி அத்தாய்க்கும் உரியது. அவ்வினாவின் வரலாற்றை இங்குக் காண்போம்.

பிரெஞ்சு நாட்டுப் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், குதிரை லாட வடிவான உலோகப் பட்டையில் பற்களை நூலால் பிணைத்து நேராக்கும் முறையை விவரித்தார். அமெரிக்காவில் எட்வர்டு ஆங்கிள் 1900இல் இதற்கெனத் தனிப் பள்ளி நிறுவினார். எனினும், எலும்பில் ஊன்றிய பல் எங்ஙனம் நகர்கிறது? சுவீடன் நாட்டுச் சாண்ட்ஸ்டெட் 1904ஆம் ஆண்டை ஒட்டி நாய்களிடம் சோதித்து விடை கண்டார். பல் அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. அது விலகும் பக்கத்தில் புதிய எலும்பு படிகிறது. ஆகவே பல்லின் வேகம், எலும்பு கரைந்து வளரும் வேகமே ஆகும்.

அதே காலத்தில் மற்றோர் அறிவுத்துறை அரும்பியது. இங்கிலாந்தில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1902இல் செக்ரிட்டின் என்னும் சுரப்பைக் கண்டனர். 1905இல் ஸ்டார்லிங் இத்தகைய சுரப்புகளுக்கு 'ஹார்மோன்' என்னும் சொல்லை வழங்கினார். 'தூண்டிவிடுவது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது. 1926இல் அமெரிக்கரான ஹிசா, சூலுற்ற விலங்கின் குருதி நீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் இடுப்பெலும்பு மூட்டு நெகிழக் கண்டார். நெகிழ்விக்கும் அப்பொருளுக்குப் பின்னர் 'ரிலாக்சின்' என்று பெயரிட்டனர்.

இவ்விரு நெறிகளும் ஒன்றையொன்று சந்தித்தது பிற்காலத்தில்தான். திருப்பி அமைத்த பற்களை 232 நாட்கள் அசையாது பிடித்து வைத்த பின்னும், ஈறை ஒட்டிய நார்கள் முறுக்கவிழாது நின்றமையை நார்வே நாட்டு ரைட்டன் 1959இல் நாய்களிடம் காட்டினார். பல்லைப் பின்னிழுப்பவை இந்நார்களே. அவற்றை நுண்கத்தியால் அறுத்துவிடும் முறையை 1970இல் எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்கர் விளக்கினார். கத்தியின்றி ஹார்மோனே நாரை நெகிழ்விக்குமாயின் எத்துணை நன்று!

1999இல் வெளிவந்த ஆய்வுகளில், தைராய்டு ஹார்மோன் பெற்ற எலிகளின் பற்களும், பாராதைராய்டு ஹார்மோன் பெற்ற எலிகளின் பற்களும் விரைந்து நகர்ந்தன. நம்பிக்கை வளர்ந்தது. ஆனால், ரிலாக்சின் பற்றி 2007இல் வெளிவந்த எலி ஆய்வு வேறுவிதமாக உரைத்தது: நார்கள் தளர்ந்தன, பற்கள் ஆடின, நகர்ச்சியோ விரையவில்லை.

இறுதியில் மனிதரிடமே சோதனை நிகழ்ந்தது. புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரிலாக்சினும் மறுபிரிவுக்கு மருந்தற்ற ஊசியும் வாரந்தோறும் எட்டு வாரம் செலுத்தினர். 2012இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவினர்க்கும் பல் நகர்ந்தது. வேகத்தில் வேற்றுமை இல்லை. அடுத்த நான்கு வாரங்களில் பல் திரும்பிய அளவிலும் வேற்றுமை இல்லை. பல்லருகே சேர்ந்த மருந்தின் அளவு போதாதிருந்திருக்கலாம் என்று ஆய்வாளரே குறித்தனர். எலிக்கு மெய்யானது மனிதருக்கும் மெய்யாகும் என்று கொள்ளலாகாது. மேலும், ஹார்மோன் ஒரு பல்லோடு நிற்பதன்று. குருதியில் கலந்து உடலெங்கும் செல்வது. தைராய்டு மிகுந்தால் இதயம் படபடக்கும், எலும்பு மெலியும். வரிசைப் பல்லுக்காக அவ்விலையைக் கொடுப்பார் உண்டோ?

அத்தாயின் சுமையைக் குறைக்கும் வழி வேறொன்று உண்டு. அது மருத்துவமனை அருகில் வருதல். டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1953இல் சென்னையிலும், 1959இல் திருவனந்தபுரத்திலும் அரசினர் கல்வி நிலையங்கள் தோன்றின. பின்னர்க் கோழிக்கோடும் கோட்டயமும் அவ்வரிசையில் சேர்ந்தன. மலைக்கும் எல்லைக்கும் அவ்வரிசை இன்னும் நெருங்கி வரவேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் மூன்று செய்திகளை உளங்கொள்க. தைராய்டு முதலிய மருந்து உண்போர் அதனைப் பல் மருத்துவரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். சிகிச்சையின் இடையே வேற்றூருக்கு மாற்றலாகிச் செல்வோர், பல் அச்சுகளையும் எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டுப் பெற்றுச் செல்க. கம்பியை அகற்றியபின் மருத்துவர் தரும் தாங்கியை அவர் சொன்ன காலம்வரை தவறாது அணிக. பல்லை நிலைநிறுத்தும் ஊசி இன்னும் பிறக்கவில்லை. இன்றளவும் அப்பணியைச் செய்வது அந்தத் தாங்கியே.