உப்புக் கணக்கில் கருவாடு: இராமநாதபுரக் கடற்கரையை முன்வைத்து

ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு உப்பு உண்கிறார் என்னும் வினா, சென்னை மாகாணத்தில் வரிவிதிப்பை ஒட்டியே அரசின் கவனத்திற்கு வந்தது. 1805இல் கம்பெனி அரசு உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. பின்னாளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வந்தபின், விற்பனையான உப்பின் மணங்குகளை மக்கள்தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு எனக் காண்பது அலுவலர் வழக்கமாயிற்று. மணங்குக்கு 2½ ரூபாயாக இருந்த வரி 1903 முதல் 1907க்குள் 1 ரூபாயாகக் குறைந்தது. வரி மிகுந்தால் ஏழைகள் உப்பைக் குறைத்துக்கொள்கின்றனர் என்று கோகலே முன்வைத்த வாதமும் இத்தகைய எண்களையே சார்ந்திருந்தது.

உப்பு விளையும் கடற்கரையில் இவ்வகுத்தல் எளிதில் பிழைபடும். அளத்திலிருந்து வண்டியேறிய உப்பு உள்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்றது. கரையில் வாழ்ந்தோர் உவர்மண்ணிலிருந்து காய்ச்சியதும் கழிமுகத்தில் வாரியதும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. 1931ஆம் ஆண்டின் காந்தி–இர்வின் உடன்பாடு, உப்பு விளையும் பகுதிகளைச் சார்ந்த சிற்றூரார் தம் தேவைக்கு உப்பெடுக்க இடமளித்தது. மக்களுக்கு அது உரிமை. மதிப்பீட்டாளருக்கோ இருந்த ஓட்டை மேலும் பெரிதாயிற்று.

இவற்றினும் கவனிக்கத்தக்கது கருவாடு. வரி மிகுந்த உப்பால் மீன் பதனிடுதல் நலிவுற்றதைப் பிரான்சிஸ் டே தம் 1873ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டினார். பின்னர் மாகாணக் கடற்கரையில் மீன் உப்பிடும் களங்கள் ஏற்பட்டு, அங்கு வரியில்லா உப்பு வழங்கப்பட்டது. அந்த உப்பு தொழிலுக்குரியதாக எழுதப்பட்டது. ஆனால் அதில் ஒரு பங்கு மீனோடு சேர்ந்து மனிதர் வயிற்றுக்கே சென்றது. அதனை உணவுக் கணக்கில் சேர்க்காமல் தலைக்குரிய அளவைக் கூறுவது குறையுடைய கணக்கே.

1947இல் உப்பு வரி நீங்கியது; வகுத்தல் நீங்கவில்லை. முன்கழுத்துக் கழலையைத் தடுக்க உப்பில் அயோடின் சேர்க்கும் திட்டம் அதே வினாவை மீண்டும் எழுப்பிற்று. நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்ணப்படுகிறது என்று கொண்டால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பு 150 மைக்ரோகிராம் தரும். வளர்ந்தோர் ஒருவரின் அன்றாடத் தேவையும் அதுவே. உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தும் 5 கிராமுக்குள் ஒருவர் நின்றுவிட்டால், அதே உப்பு 75 மைக்ரோகிராமுக்கு மேல் தராது. சமையலில் இழப்பாவது வேறு. எனவே உட்கொள்ளும் அளவு பற்றிய கணிப்பு பிழைத்தால் சேர்க்கும் அளவும் பிழைக்கும்.

தமிழ்நாடு உப்புக் கழகம் 1974இல் தொடங்கப்பெற்றது. இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் அதன் அளங்கள் உள்ளன. நேரடியாக மனிதர் உண்பதற்கென அயோடின் கலவாத உப்பை விற்பதற்கான தடை 2006 மே முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பதப்படுத்தலுக்கான உப்பு இத்தடைக்கு உட்படாது. ஒரு நூற்றாண்டுக்கு முன் வரிக்கணக்கில் தனியே நின்ற கருவாட்டு உப்பு, இன்று அயோடின் கணக்கிலும் தனியே நிற்கிறது.

இதன் விளைவு அடுக்களையில் தெரியும். கருவாட்டுக் குழம்புக்கு உப்பைக் குறைத்தே இடுவர். அதாவது அயோடின் கலந்த உப்பின் இடத்தை, கலவாத உப்பு ஓரளவு பிடித்துக்கொள்கிறது. கடல் மீனிலேயே அயோடின் உண்டு என்பதால் இதனைக் குறைபாடு என்று உடனே முடிவுகட்டவும் இயலாது. சோடியத்தின் நிலை வேறு. கடையில் வாங்கிய உப்பை மட்டும் எண்ணினால் உட்கொண்ட அளவு குறைவாகவே தோன்றும்.

இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீர்ச் சோதனை இச்சிக்கலைப் பெரிதும் தீர்க்கிறது. உண்ட சோடியத்தில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறுவதால், எவ்வழி வந்த உப்பும் அதில் அகப்படும். எவ்வழி வந்தது என்பதை மட்டும் அது கூறாது. அதற்கு மீனவர் வீடுகளில் குழம்பில் இட்ட உப்பையும், கழுவியபின் கருவாட்டில் எஞ்சிய உப்பையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.