நகரும் கூரையும் மழை நீரும்

மோட்டார் காரின் கூரையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தால் மழைக் காலத்தில் என்னவாகும்? உள்ளே இருப்போர் நனைவர் என்று உடனே விடை கூறுவீர்கள். ஆயினும் பொறியியலார் அத்தகைய ஓட்டையை வேண்டுமென்றே வெட்டி, அதன்மேல் நகர்ந்து திறக்கும் ஒரு மூடியையும் பொருத்தினர். ‘சன்ரூஃப்’ என வழங்கும் நகரும் கூரை இதுதான். இது தோன்றிய வரலாற்றையும், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதனைச் சீர் செய்யும் முறையையும் இங்கே காண்போம்.

துணியிலிருந்து எஃகுக்கு

தொடக்க காலக் கார்கள் பலவற்றில் மடக்கக்கூடிய துணிக் கூரையே இருந்தது. பின்னர் எஃகுத் தகட்டால் முழுதும் மூடிய கார்கள் பெருகின. மழையும் தூசியும் தொல்லை தரவில்லை. ஆனால் வெயிலும் காற்றும் வேண்டும் என விரும்பியோர்க்கு அது குறையாகத் தோன்றியது. எனவே கூரையின் நடுப்பகுதியை மட்டும் துணியால் அமைத்து, வேண்டும்போது மடித்துத் திறக்கும் முறை வந்தது.

இத்துறையில் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1901-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் வில்ஹெல்ம் பையர் என்பவர் கம்பி, இரும்புச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். 1908-இல் அது மியூனிக் நகருக்கு அருகிலுள்ள ஸ்டாக்டார்ஃப் என்னும் ஊருக்கு மாறியது. அவர் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் உள்ள எழுத்துகளைச் சேர்த்து ‘வெபாஸ்டோ’ என்ற பெயர் உருவாயிற்று. கார்களுக்கான மடிப்புக் கூரைகளால் இந்நிறுவனம் பின்னர் பெயர் பெற்றது.

துணி நாளடைவில் நைந்து கிழியும். வேகமாகச் செல்லும்போது காற்றில் படபடக்கும். ஆதலால் எஃகுத் தகட்டாலேயே மூடி செய்யும் முறை பரவியது. ஃபோக்ஸ்வாகன் ‘பீட்டில்’ காரில் 1964-ஆம் ஆண்டு மாடல் முதல் துணிக்கு மாற்றாகக் கைப்பிடியால் சுழற்றித் திறக்கும் எஃகுக் கூரை வந்தது. போர்ஷே நிறுவனத்தின் 356 கார்களிலும், 1964-இல் உற்பத்தி தொடங்கிய 911 கார்களிலும் விரும்பியவர்களுக்கு இத்தகைய கூரை பொருத்தித் தரப்பட்டது. முழுதும் திறந்த காரில் கூரை தரும் விறைப்பு இல்லை. வளைவுகளில் உடற்கூடு சிறிது முறுக்கிக்கொள்ளும். நகரும் கூரையில் அந்த விறைப்பில் பெரும்பகுதி எஞ்சி நிற்க, காற்றும் கிடைக்கிறது.

தள்ளும் கேபிள்

கயிற்றால் ஒரு பொருளை இழுக்கலாம்; தள்ள முடியாது. ஆனால் இக்கூரையை நகர்த்தும் கேபிள் இரண்டையும் செய்யும். எஃகுக் கம்பி ஒன்றின்மீது மற்றொரு கம்பி திருகாணியின் புரி போலச் சுற்றப்பட்டிருக்கும். அந்தப் புரிகளில் பற்சக்கரத்தின் பற்கள் பதிந்து கேபிளை நகர்த்தும். கேபிள் வழிகுழாய்க்குள் ஓடுவதால், தள்ளும்போது வளைந்து ஒதுங்க இடமில்லை.

ஒரே பற்சக்கரத்தின் இருபக்கமும் இரு கேபிள்கள் செல்கின்றன. சக்கரம் சுழலும்போது அவை எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்து, வளைந்து சென்று, மூடியின் இடது வலது ஓரங்களை ஒரே அளவில் தள்ளுகின்றன. ஒரு கேபிள் ஒரு பல் தவறினாலும் மூடி கோணலாகித் தண்டவாளத்தில் சிக்கிக்கொள்ளும். அப்போது மோட்டாரை மேலும் இயக்கினால் கேபிளின் புரிகள் தேய்ந்து கெடும். இரு கேபிள்களையும் கழற்றி, மூடியை நேராக்கி, இரண்டையும் ஒரே நிலையில் மீண்டும் கோப்பதே சரியான முறை.

நீரைத் தடுப்பதா, வழி விடுவதா?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். மூடியின் விளிம்பில் உள்ள பட்டைதான் மழையைத் தடுக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது நீரின் பெரும்பகுதியைத்தான் தடுக்கும். எஞ்சியது உள்ளே இறங்கும் என்பதை எதிர்பார்த்தே கூரை அமைக்கப்பட்டுள்ளது. மூடியைச் சுற்றிலும் ஒரு வாய்க்கால் உண்டு. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய வடிகுழாய்கள் கூரைத் தூண்களுக்குள் இறங்கி, நீரை வண்டிக்கு வெளியே விடுகின்றன. நம் பழைய வீடுகளின் முற்றத்தை நினைத்துப் பாருங்கள். மழை உள்ளே விழுகிறது; ஆனால் தாரை வழியே வெளியேறிவிடுகிறது.

ஆண்டுகள் பல கழிந்தபின் இலைத் துகளும் தூசியும் இக்குழாய்களை அடைக்கின்றன. வாய்க்கால் நிரம்பி நீர் உள்ளே சொட்டும். உடனே சிலர் மூடியைச் சுற்றிப் பசை பூசி அடைத்துவிடுகின்றனர். சொட்டுவது சில நாள் நிற்கலாம். ஆனால் எங்கேனும் ஒரு கீற்று வழியே புகும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். கண்ணுக்குத் தெரியாமல் தகட்டில் துரு பிடிக்கும். போர்ஷே நிறுவனம் 1976 மாடல் முதலே 911 உடற்கூட்டின் எஃகுத் தகடுகளுக்கு இருபுறமும் துத்தநாக முலாம் பூசத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட வண்டிகளில் இந்த ஆபத்து மிகுதி.

ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது வடிகுழாயையே. வாய்க்காலின் மூலையில் ஒரு தம்ளர் நீரை மெல்ல ஊற்றுங்கள். அது வண்டியின் அடியில் விழ வேண்டும். விழாவிட்டால், வளையக்கூடிய நைலான் இழையை உள்ளே செலுத்தி அடைப்பை நீக்கலாம். அழுத்தக் காற்றை வேகமாகச் செலுத்தினால் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

அடுத்துத் தண்டவாளத்தைத் துடைத்துச் சிறிது கிரீஸ் இட வேண்டும். கடைசியாக மூடியின் உயரம். அதன் முன் விளிம்பு கூரையுடன் சமமாகவோ, சுமார் 1 மில்லிமீட்டர் தாழ்ந்தோ இருக்கலாம். பின் விளிம்பு சமமாகவோ, அதே அளவு உயர்ந்தோ இருக்கலாம். முன் விளிம்பு உயர்ந்தால் எதிர்க்காற்று அதில் மோதி இரையும். தாங்கிகளில் உள்ள திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி இதைச் சரிப்படுத்தலாம்.

துணி எஃகாயிற்று, கைப்பிடியின் இடத்தில் மின்மோட்டார் வந்தது. மாறாதது நீர் மட்டுமே. அது எப்போதும் தாழ்ந்த இடத்தையே தேடும். எனவே பழைய கார் ஒன்றின் கூரை ஒழுகக் கண்டால், எதை அடைப்பது என்று கேட்காதீர்கள். நீர் போகும் வழி எங்கே அடைந்துள்ளது என்று தேடுங்கள்.