காய்ச்சல் தணிந்த பின்னும்

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் கரையேறிய விஷக்காய்ச்சல், ஐப்பசிக்குள் சென்னை மாகாணத்தையும் சூழ்ந்தது. தஞ்சைத் தரணியில் குறுவை அறுத்துத் தாளடி நடும் காலம் அது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்நோய்க்கு, 20 முதல் 40 வயதினரே பெரும்பாலும் இரையாயினர். ஏர் பிடிப்போரும் நாற்று நடுவோரும் அந்த வயதினரே அல்லவா?

மாண்டோரைச் சரித்திரம் கணக்கிட்டது. பிழைத்தோரின் இதயத்தைப் பின்தொடர்ந்து ஆராயும் வசதி அன்று இல்லை. இன்ஃபுளுவன்சாவுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதே 1933-இல்தான் தெளிவாயிற்று. வைரஸ் இதயத் தசையில் அழற்சி உண்டாக்கலாம். இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்தி, இரத்தம் உறையவும் வழி செய்யலாம்.

கொரோனாவுக்குப் பின் அத்தகைய ஆராய்ச்சி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தார், 47 மருத்துவமனைகளின் வாயிலாக, 18 முதல் 45 வயதினரின் திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டனர். ஊரார் பழித்த தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. இரு தவணையும் பெற்றோருக்கு அது குறைந்தே இருந்தது. கொரோனாவால் மருத்துவமனையில் இருந்தோர்க்கும், குடும்பத்தில் திடீர் மரணம் கண்டோர்க்கும், மிதமிஞ்சிக் குடித்தோர்க்கும், மரணத்துக்கு முன் கடும் உடலுழைப்பில் ஈடுபட்டோர்க்கும் அபாயம் மிகுந்திருந்தது.

ஆகவே, கடுங்காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளையை, "வாலிபம்தானே" என்று உடனே வயலுக்கு அனுப்பலாகாது. நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பெற்றோர் கடன்.